பல்செட்டு மேல் போட்ட பழி

கழற்றி மாட்டும் பல்செட்டு மிச்சமிருக்கும் பல்லையும் கெடுத்துவிடுமாம். சிகாமட்டுப் பெரியவர்கள் பொக்கை வாயோடு இருப்பதே மேலாம். இப்படி எழுதியிருக்கும் ஐயா ஒருவர் சொல்வதில் பாதி உண்மை. கம்பி பற்றிய பல்லில் அழுக்கு சேரும், சொத்தை வரும். துலக்காவிட்டால்!

கழற்றாமலே தூங்கினால் அண்ணம் சிவந்து காளான் தொற்றும் வரும். ஜப்பானில் 524 முதியோரை மூன்றாண்டு கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. குற்றம் செட்டிலா, பழக்கத்திலா? ராத்திரி கழற்றி, மென்மையான பிரஷும் சோப்பும் கொண்டு தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போட எவ்வளவு நேரமாகும்? (சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். பற்பசை கீறிவிடும்.)

சும்மா விட்ட இடைவெளி மட்டும் பத்திரமா? பக்கத்துப் பல் அதற்குள் சாயும், எதிர்ப்பல் இறங்கும். கச்சாங்கையும் கறியையும் விட்டுப் பெரியவர் கஞ்சிக்கு ஒதுங்குவார்.

வீட்டிலேயே அச்செடுத்து மலிவாகச் செய்துதருபவரால் வந்த புண்ணையும் ஐயா இதே கணக்கில் எழுதுகிறார். பதிவில்லாமல் அந்த வேலை பார்ப்பது மலேசியாவின் 2018 பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். பழியை அங்கே போடட்டும்.