மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் பார்க்காதீர்கள்



“மண்ணீரல் இல்லாட்டியும் மனுசன் வாழலாம்.” ஒப்பரேசன் முடிந்து வருபவருக்கு நாங்கள் எல்லோரும் சொல்லுகிற ஆறுதல் இது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லாமல் விடுவது உயிரை எடுக்கும்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்ணீரல் கிழிந்தவர், யுத்தத்தில் வயிற்றில் காயப்பட்டவர், தலசீமியா பிள்ளை என்று பலருக்கு அதை எடுத்துவிடுகிறார்கள். நியூமோகொக்கஸ் போன்ற சில கிருமிகள் உறை போர்த்தியபடி இரத்தத்துக்குள் வரும். அவற்றை வடித்துப் பிடிப்பது மண்ணீரல். அது இல்லாதவருக்குக் காலையில் வெறும் குளிர்காய்ச்சலாகத் தொடங்குவது ஓரிரு நாளில் மரணத்தில் முடியலாம். இந்த நோய் வந்தவர்களில் பாதிப்பேர் வரை இறந்திருக்கிறார்கள். முதல் சில வருசம் ஆபத்துக் கூட. ஆனால் ஆயுள் முழுக்க அது தீராது.

இது அரிதாக வருவதுதானே என்பீர்கள். அரிதுதான். வந்தால் அவகாசம் தராது என்பதுதான் எங்கள் வாதம். காய்ச்சல் என்றால் பனடோல் போட்டு, “டெங்குவோ தெரியாது, மூன்றாம் நாள் இரத்தம் சோதிப்பம்” என்று இருப்பது எங்கள் பழக்கம். மண்ணீரல் இல்லாதவருக்கு அந்த மூன்று நாள் கிடையாது. நாய் கடித்தாலும் அப்படித்தான்: விசர்நாய் ஊசியோடு நிற்காமல், மண்ணீரல் இல்லை என்பதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கட்டாயம் போடுகிற மூளைக்காய்ச்சல் ஊசி இவர்களுக்கும் தேவை. அதோடு நியூமோகொக்கஸ், ஹிப் ஊசிகள், வருசாவருசம் இன்ஃபுளுவென்சா ஊசி. திட்டமிட்ட ஒப்பரேசன் என்றால் இரண்டு கிழமைக்கு முந்தியே போட வேண்டும். அவசர ஒப்பரேசன் என்றால் பிறகாவது போட வேண்டும்.

இதையெல்லாம் நோயாளிக்கு யார் சொல்வது? வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிற காட்டில் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கும். அதை வாசித்து விளங்குகிற தாய்மார் எத்தனை பேர்? 19ஆம் நூற்றாண்டிலேயே, எங்களுக்குக் கிட்ட உள்ள மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணில் இன்று நாலு வரி எச்சரிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுக்க முடியாதா? இது சலுகை இல்லை, நோயாளியின் உரிமை. கேட்டு வாங்குவோம்.

பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எல்லாவற்றிலும் அறிவியுங்கள். வயிற்றில் ஒப்பரேசன் தழும்பு உள்ளவர்கள் பழைய காட்டை எடுத்து, மண்ணீரல் எடுத்ததா என்று டொக்டரிடம் கேளுங்கள். எடுத்திருந்தால், காய்ச்சல் வந்த அன்றே, இரவென்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: “எனக்கு மண்ணீரல் இல்லை.”