மூடிய அறைக்குள் நம் வரிப்பணம்

ஆர்பிட்ரேஷன் என்றாலே, "அது கார்ப்பரேட் வக்கீல்கள் விவகாரம், நமக்கென்ன தோழர்?" என்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், டெல்லி மெட்ரோ வழக்கைப் படிக்கும்வரை.

ஒன்றிய அரசும் டெல்லி அரசும் சரிபாதியாக வைத்திருக்கும் நிறுவனம் அது. விமான நிலையத் தடத்தை ரிலையன்ஸ் இன்ஃப்ரா குழும நிறுவனத்திடம் கொடுத்தது, ஒப்பந்தம் முறிந்தது. 2017இல் நடுவர் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்துக்குச் சுமார் 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. வழக்கு நீண்டதில் தொகை 8,000 கோடியை நெருங்கியது. 2021இல் அந்தத் தீர்ப்பை ஏற்ற உச்ச நீதிமன்றமே, 2024 ஏப்ரலில் அதை ரத்து செய்தது. மயிரிழையில் தப்பியது பொதுப்பணம்.

மலக்குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் இழப்பீடு என்றது அதே நீதிமன்றம். 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. அதைக் கேட்டு நம் மக்கள் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். 8,000 கோடி என்பது 26,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கான 30 லட்சம்.

ஒப்பந்ததாரருக்குப் பணமே தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசு பில்லை இழுத்தடித்தால் முதலில் கூலி நிற்பது அடிமட்டத்தில் இருக்கும் தலித் தொழிலாளிக்குத்தான். நியாயமான பாக்கியை உடனே கொடுத்தால் வட்டியும் ஏறாது.

2024 ஜூனில் ஒன்றிய நிதி அமைச்சகம், அரசு ஒப்பந்தங்களில் 10 கோடிக்குக் குறைவான தகராறுகளோடு ஆர்பிட்ரேஷனை நிறுத்திக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. இது பாதிக் கிணறுதான். பெரிய தகராறுகள் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் கிடந்தால், அங்கேயும் வட்டி ஏறத்தான் செய்யும்.

உண்மையான சிக்கல் ரகசியம். 2019 திருத்தம் கொண்டுவந்த 42ஏ பிரிவு, நடுவர் விசாரணையை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஒரு தரப்பு அரசாக இருந்தாலும் அந்தப் பிரிவில் விலக்கு இல்லை. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி கட்டுகிறார். அந்தப் பணத்தின் மீதான வழக்கு மட்டும் மூடிய அறைக்குள்ளா?

அரசு தரப்பாக இருக்கும் வழக்குகளுக்கு 42ஏ பொருந்தாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். நிலுவையில் உள்ள கோரிக்கைத் தொகைகளை ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டோடு ஒன்றிய, மாநில அரசுகள் அவையில் வைக்க வேண்டும். ஆதிதிராவிடர் விடுதிக்கு நிதியில்லை என்று அடுத்த முறை ஓர் அமைச்சர் கைவிரிக்கும்போது, அந்தப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும், தோழர்களே.