குதிரைக்குக் கடவுச்சீட்டு உண்டு, உடையவர் எங்கே?

ஐரோப்பாவில் குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு. பத்திரமின்றி நிற்பதன் இடரை அறிந்த எமது வாசகர்களுக்கு இது வியப்பளிக்கலாம். ஆயினும் அக்கடவுச்சீட்டு குதிரை எதுவெனக் கூறுமேயன்றி, அது எவருடையது என்பதைச் சட்டப்படி நிறுவுவதில்லை. அந்த வாயில்லாச் சீவனின் அவலம் இவ்விடைவெளியிலேயே தொடங்குகின்றது.

2008 இல் பொருளாதாரம் சரிந்தபோது அயர்லாந்தில் இது வெளிப்பட்டது. செழிப்புக் காலத்தில் குதிரை வாங்கியோருட் பலர், தீனிக்கும் மருத்துவத்துக்கும் வழியற்று அவற்றைக் கைவிட்டனர். எலும்பு தெரிய நின்ற விலங்கைக் கண்டோர் பலர். உரிமை கோரி வந்தோர் சிலரே.

கைவிடப்படும் குதிரை பட்டினியால் வாடுவதோடு விடயம் முடிவதில்லை. 2013 சனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, மாட்டிறைச்சி பேர்கர்களில் குதிரையின் மரபணுவைக் கண்டறிந்ததாக அறிவித்தது. அடுத்த மாதம் லசான்யாவிலும் அது அகப்பட்டது. ருமேனியாவில் குதிரையிறைச்சி என்றே விற்கப்பட்ட சரக்கு, தரகர்களின் கைமாறி, பிரான்ஸ் ஊடாக லக்சம்பேர்க் தொழிற்சாலையை அடைந்தபோது மாட்டிறைச்சியாகப் பெயர் மாறியிருந்தது. குதிரைகளுக்கு வலி தணிக்கக் கொடுக்கப்படும் பினைல்பியூட்டசோன் மனிதர் உணவிற் சேரலாகாது. அம்மருந்து பெற்ற குதிரையைத் தடுப்பதற்குள்ள காவல் கடவுச்சீட்டிலுள்ள பதிவே. அப்பதிவு பொய்த்தால், கேடு எம் உணவு மேசைக்கும் வருகின்றது. பிரித்தானியாவோ தனது தேசிய குதிரைத் தரவுத்தளத்தை இவ்வூழலுக்கு முந்திய ஆண்டான 2012 இலேயே மூடிவிட்டிருந்தது!

பின்னர் சட்டங்கள் இறுகின. உறுப்பு நாடுகள் மத்திய தரவுத்தளம் பேணவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. இங்கிலாந்தில் 2020 ஒக்டோபர் முதல் குதிரைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயமாயிற்று. அங்கு அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் விடப்பட்ட குதிரையைத் தடுத்துவைக்க 2015 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கின்றது. நான்கு வேலைநாட்களுள் எவரும் உரிமை கோராவிடில் அதனை விற்கலாம், தானமளிக்கலாம், கொன்றும் விடலாம். உடையவர் செய்த குற்றத்துக்கு உயிர் கொடுப்பது குதிரையே.

சிப் கூறுவது இறுதியாகப் பதியப்பட்ட பெயரை மட்டுமே. வாங்கியவர் முப்பது நாட்களுள் தம் பெயரைப் பதியவேண்டும். அவர் பதியாது விட்டால் பொறுப்பின் சங்கிலி அறுந்துவிடும். மோட்டார் வாகனத்தை விற்பவர் அதனை அரச திணைக்களத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளார். உயிருள்ள குதிரையை விற்பவருக்கும் அதே கடமை விதிக்கப்படல் வேண்டும் என்பதே எமது கருத்து. பதிவேட்டில் பெயருள்ளவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வரும்வரை, கடவுச்சீட்டு வெறும் காகிதமே.