விளையாட்டு என்ன சலுகையா?

"கண் தெரியாத பிள்ளைக்கு வீடியோ கேம் எதற்கு? படிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்பவர்கள் நம் ஊரில் அதிகம். படித்தவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

கால்பந்துப் போட்டி என்றால் கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்கு ஓடுகிற ஊர் நம்முடைய காயல்பட்டினம். விளையாட்டு வீண் வேலை என்று நாம் எந்தக் காலத்தில் நினைத்தோம்? ஊனமுற்ற பிள்ளை என்று வரும்போது மட்டும் நமக்குப் படிப்பு ஞாபகம் வருகிறது.

நம் காலத்தில் தெருவில் கூடினோம். இன்று பிள்ளைகள் கூடுவது கைப்பேசிக்குள். ஹாங்காங்கில் இருக்கும் காக்கா மகனும் இங்கே இருக்கும் தம்பி மகனும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து விளையாடுகிறார்கள். அங்கே இடமில்லாத பிள்ளை கூட்டாளிகளையும் சேர்த்தே இழக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பையன். பிறவியிலேயே வலது கை வேலை செய்யாது. இடது கையால் அழகாக எழுதுவான், சைக்கிள் ஓட்டுவான். அவன் கூட்டாளிகள் ஆடும் ஆட்டத்திலோ இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் திரையில் இருக்க வேண்டும். பொத்தான்களை ஒரே பக்கமாக நகர்த்திக்கொள்ள வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்வதுதான் அவன் வேலை. குறை அவன் கையிலா, ஆட்டத்தைச் செய்தவர்களிடமா?

பார்வையற்றோர் கிரிக்கெட்டைப் பாருங்கள். பந்துக்குள் இரும்புக் குண்டுகள் கிலுகிலுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அடிப்பார்கள். 1998-லேயே டெல்லியில் அவர்களுக்கு உலகக் கோப்பை நடந்தது. 2025 நவம்பரில் நம் நாட்டுப் பெண்கள் கொழும்பில் டி20 உலகக் கோப்பையை வென்றார்கள். யாரும் அவர்களுடைய கண்ணை மாற்றவில்லை. பந்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

வீடியோ கேமிலும் இது முடியாத காரியமல்ல. 2018-ல் மைக்ரோசாப்ட் பெரிய பொத்தான்கள் இரண்டு வைத்த ஒரு கருவியைக் கொண்டுவந்தது. காலால் மிதிக்கும் பெடல் போன்ற சுவிட்சுகளையும் அதில் இணைத்துக்கொள்ளலாம். 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் டூ' ஆட்டத்தில் இப்படிப்பட்ட வசதிகள் 60-க்கு மேல். பார்வையற்றவர்கள் சத்தத்தை வைத்தே அதை முழுவதும் ஆடி முடிக்கிறார்கள். 2023-ல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கார் பந்தயத்தில் வளைவு வருவதை ஒலி சொல்லிவிடும். அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் பிராண்டன் கோல் என்ற பார்வையற்ற அமெரிக்கர்.

செலவாகும் என்பார்கள். வீடு கட்டும்போதே சாய்தளம் வைத்தால் இரண்டு மூட்டை சிமெண்டோடு போகும். கட்டி முடித்தபின் படியை இடித்து வைத்தால்தான் பெரிய செலவு. மென்பொருளுக்கும் அதே கணக்குதான்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, பொழுதுபோக்கில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குபெறுவதை உரிமை என்கிறது. 'பதான்' படம் ஓடிடிக்கு வரும்போது ஒலி விவரிப்பும் வசன எழுத்தும் வேண்டும் என்று 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வெறும் பரிந்துரை போதாது, கட்டாய விதி வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது ராஜீவ் ரதூரி வழக்கு. 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்த மத்திய அரசு, இ-ஸ்போர்ட்ஸை வளர்க்கப்போவதாகவும் சொல்கிறது. வளர்க்கட்டும். பொத்தானை மாற்றிக்கொள்ளும் வசதி, பெரிய எழுத்து, சத்தத்துக்கு ஈடாக எழுத்து, நிறத்தோடு வடிவமும் கலந்த அடையாளம் – இந்த நான்கும் இல்லாத ஆட்டத்துக்கு அரசுப் பணமோ அரசு மேடையோ கிடையாது என்று விதி செய்யட்டும்.

இது இளசுகள் விவகாரம் என்று தள்ளிவிடாதீர்கள். விரல் மூட்டு வலிக்கிற, கண்ணாடியைத் தேடுகிற வயதில் இருக்கிறோம். அந்தப் பெரிய எழுத்து நமக்கும்தான்.

உங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் எழுதுகிறார்கள். அடுத்த முறை போனில் பேசும்போது, "நீ செய்கிறதை ஒரு கையால் இயக்க முடியுமா?" என்று கேளுங்கள். பேரனுக்கு ஆட்டம் வாங்கும்போது கடைக்காரரிடமும் கேளுங்கள். நம் தொகுதி எம்.பி.க்கு நான் கடிதம் எழுதப்போகிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், நகலை வீட்டுக்கே கொண்டுவருகிறேன்.