சான்றிதழ் கேட்கும் கணவர்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு மாலை என்னை அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார வைத்துத் தம் குறையைச் சொன்னார்.

"என் மனைவிக்கு ஏ.டி.எச்.டி.யாம், சார். ஏதோ கவனச் சிதறல் கோளாறு. எந்த டாக்டரும் சொல்லவில்லை. கைபேசியில் படித்துத் தானே கண்டுபிடித்துக் கொண்டாள். இனிமேல் பால் பொங்கினால், வியாதி பொங்கியதாக நான் எடுத்துக் கொள்ள வேண்டுமாம்! டாக்டர் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் அழுகிறாள்."

நான் சிரித்துவிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஏனெனில், அந்த வீடு எனக்குத் தெரியும். நண்பருக்குக் காலைக் காப்பி அதே டம்ளரில் வர வேண்டும். டம்ளர் மாறினால் தொடமாட்டார். விருந்தாளி வந்தால் மாடிக்குப் போய்விடுவார். மெயின்கார்டு கேட் கூட்டம் ஆகாது. ஆகவே தீபாவளித் துணிக்கு மனைவிதான் திருச்சிக்குப் போய் வர வேண்டும். இருபது வருஷமாக இதற்கெல்லாம் அங்கே ஒரே பெயர், 'அவர் சுபாவம்'. யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. அடுப்பை அணைக்க மறந்து, பையனின் பள்ளிக் கட்டணத் தேதியைத் தவறவிட்டு, ராத்திரி தனியாக அழுகிற அந்த அம்மாளோ 'பொறுப்பில்லாதவள்'.

தானே நோயை முடிவு செய்வது சரியா என்று கேட்பீர்கள். சரியில்லைதான். தூக்கக் குறைவும், தைராய்டும், மனச்சோர்வும் இதே வேஷத்தில் வரும். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். பெஞ்சின் மேல் குதிக்கிற பையன் வாத்தியாரிடம் அகப்பட்டுக் கொள்வான். ஜன்னலையே பார்த்துக் கொண்டிருந்த பெண் 'சாது' என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். நாற்பது வயதில் அதையெல்லாம் விசாரித்துத் தெளிய டாக்டர்தான் வேண்டும்.

காவேரிப் பாலத்தைத் தாண்டினால் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அம்மாள் ஏன் போகவில்லை? சீட்டில் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். நண்பரின் தமையனார் ஒரு தடவை, "இதற்கெல்லாம் கோர்ட்டில் வழி இருக்கிறது" என்று கூடத்தில் உரக்கச் சொன்னாராம்!

வழி இருக்கிறது, உண்மை. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம், 13-வது பிரிவில் மனநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கிறது. ஆனால் 1988-ல் ராம் நாராயண் குப்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று என்பதைத் தமையனார் படிக்கவில்லை. அங்கே பேச்சு மறதியைப் பற்றியல்ல, ஸ்கிசோஃப்ரினியாவைப் பற்றி. அதற்கே, நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது முற்றியிருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பால் பொங்கியதற்கு எந்த ஜட்ஜ் விவாகரத்துக் கொடுப்பார்?

டாக்டரிடம் போக விடாமல் பயமுறுத்துவது, பிறகு டாக்டர் சான்றிதழ் எங்கே என்று கேட்பது! இது எந்த ஊர் நியாயம்? நண்பரிடமே கேட்டேன்.

"நான் என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?"

"கூடப் போங்கள். இருபது வருஷமாகப் பார்த்ததை டாக்டரிடம் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். டம்ளர் விஷயத்தையும் சேர்த்து."

பதில் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழேகால்.

"பலகார வேளை ஆகிவிட்டது, சார். வேளை தப்பினால் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று எழுந்துவிட்டார்.