கப்போர்டு விலகினா ஸ்க்ரூவையா திட்டுறது?

போன மாசம் எங்க கிச்சன்ல மேல் கப்போர்டு சுவரை விட்டு ஒரு விரல் அளவு விலகி நின்னுச்சு. அம்மா அதுக்கு நேர் கீழேதான் தோசை ஊத்திட்டு இருந்தாங்க. மாட்டினவர், "இன்னும் நாலு ஸ்க்ரூ போட்டுடலாம் தம்பி"ன்னார். எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

கணக்கு சின்னது. பாத்திரத்தோட 40 கிலோ, ஆழம் 300 மி.மீ., மேல் ஸ்க்ரூவுக்கும் அடி விளிம்புக்கும் நடுவே 600 மி.மீ. எடை நடுவுல இருந்தா, மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கிறது 40 × 150 ÷ 600, மொத்தமே 10 கிலோ எடைதான். கான்க்ரீட்டுக்கு இது தூசு. எங்க சுவரோ ஏ.ஏ.சி. பிளாக், சுரண்டினா மாவா உதிரும். கழட்டிப் பார்த்தா குட்டி பிளாஸ்டிக் பிளக், பாதி பூச்சுலயே நிக்குது. ஹேமர் மோடுல போட்ட துளை வேற அகலமாயிருச்சு. ஸ்க்ரூ, ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூ. வளையாது, பட்டுனு முறியும்.

மெஷின் டிசைன் பேப்பர்ல போல்ட் கணக்கு அவ்வளவு போட்டோம். எதுல மாட்டுறோம்னு ஒரு கேள்வி வந்ததில்லை!

ஏ.ஏ.சி.க்குன்னே வர்ற நீள நைலான் ஆங்கர் வாங்கி, ஹேமர் இல்லாம துளை போட்டு மாட்டினோம். கொட்டேஷன்ல லேமினேட் கலர் நம்பர் வரை எழுதுறாங்க இல்ல? சுவர் என்ன, ஆங்கர் என்னன்னும் எழுதிக் கேளுங்க.