மரம் அறுக்கும் இயந்திரமும் எண்ணெய்ச் சிக்கனமும்

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் டெல்டா பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை அகற்ற பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் இயந்திரங்கள் பெரிதும் கைகொடுத்தன. இன்று சவுக்கு வெட்டவும் வேலிக்கருவையை அழிக்கவும் சிறு விவசாயிகள் சிலர் இதனைச் சொந்தமாகவே வைத்துள்ளனர். ஆனால் வாங்கும்போது காட்டும் அக்கறை, அதற்கு ஊற்றும் எண்ணெயில் இருப்பதில்லை.

இந்த டூ ஸ்ட்ரோக் இஞ்சினில், டீசல் பம்புசெட்டில் உள்ளதுபோல் இஞ்சினுக்கென்று தனியாக எண்ணெய் நிற்பதில்லை. பெட்ரோலுடன் கலந்து செல்லும் எண்ணெயே பிஸ்டனையும் சிலிண்டரையும் பேரிங்குகளையும் தேயாமல் காக்கிறது. இயந்திரத்தில் இரண்டு மூடிகள் இருப்பதால் பலர் ஏமாந்துவிடுகின்றனர். இரண்டாவது மூடியில் ஊற்றும் எண்ணெய் சங்கிலிக்கு மட்டுமே போகும். இஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது. எண்ணெய் கலக்காத பெட்ரோலில் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். சவுக்கு வெட்டு நடக்கும் நேரத்தில் இப்படி நேர்ந்தால் பழுதுச் செலவோடு கூலி வருமானமும் போகும்.

அளவை இயந்திரத்துடன் வரும் கையேட்டில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 50க்கு 1 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 40க்கு 1 என்றால் 25 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண்மதிப்பு கூடவே கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக் குழலே நல்ல அளவுகோல். 'கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே' என்பாரும் உண்டு. அதனால் புகை மிகும், பிளக்கில் கரி படியும், புகைபோக்கி அடைபடும்.

எண்ணெயின் நிறத்தைப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை. அது வெறும் சாயம். டப்பாவில் ஜாசோ எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. எனத் தரம் அச்சிட்டிருக்கும். மூன்றில் எஃப்.டி.யே கரி படியாமல் காப்பதில் சிறந்தது. விலை சற்றுக் கூடுதல்தான். லிட்டருக்கு 20 மில்லி ஊற்றும் இடத்தில் அந்த வித்தியாசம் பெரிதல்ல. டிராக்டர் இஞ்சின் எண்ணெய் இதற்கு உதவாது. கடலோர ஊர்களில் எளிதில் கிடைக்கும் படகு இஞ்சின் எண்ணெய், நீரால் குளிரும் இஞ்சினுக்கானது. காற்றால் குளிரும் இந்த இஞ்சினுக்கு ஏற்றதல்ல.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆகவே கலவையை ஒரு மாதத்திற்கு மேல் வைக்காமல், தேவைக்குத் தக்கபடி கலப்பதே மேல்.

இதில் தவறு விவசாயியுடையது மட்டுமல்ல. ஆங்கிலக் கையேட்டைக் கையில் திணித்து இயந்திரத்தை விற்றுவிடுவது என்ன நியாயம்? கலவை அளவைத் தமிழில் எழுதிய ஒட்டுச்சீட்டும், அளவுக் குவளையும் இயந்திரத்துடன் தரப்பட வேண்டும். மானியத்தில் வழங்கப்படும் விசைத்தெளிப்பான், புல்வெட்டும் கருவி ஆகியவற்றுக்கும் இதை அரசு நிபந்தனையாக்கலாம். அவற்றில் சில ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின் கொண்டவை. அவற்றின் பெட்ரோலில் எண்ணெய் கலக்கவே கூடாது என்பதையும் அந்தச் சீட்டிலேயே அச்சிட வேண்டும்.